இன்னிக்கு லைட் சரியில்லை

புகைப்படம் எடுப்பவர்களில் பல ரகம் உண்டு. இலையில் விழுந்த சோற்றைப் படம் எடுத்துவிட்டு அது ஆறிய பிறகு சாப்பிடுகிறவர், கோயில் யானையோடு தன்னைத் தானே எடுத்துக்கொண்டு யானையின் காதை மட்டும் கொண்டுபோகிறவர், தாலி கட்டும் நேரம் பார்த்துக் குறுக்கே பாய்ந்து முந்நூறு பேருக்கு முதுகைக் காட்டுகிறவர், இவர்களையெல்லாம் உங்களுக்குத் தெரியும். இவர்களால் பெரிய தொந்தரவு கிடையாது. எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். நான் இங்கே அறிமுகப்படுத்தப் போகிறவர் வேறு. இவர் படமே எடுக்காத புகைப்படக்காரர்.

சும்மா சொல்லவில்லை. கேமரா இருக்கிறது, நல்ல விலை. வெல்வெட் பைக்குள் மூன்று லென்ஸ் குழந்தைகளைப் போலத் தூங்குகின்றன. முக்காலி இருக்கிறது. சூரியன் எந்த மூலையில் எழுந்து எந்த மூலையில் விழும் என்று வளைகோடு போட்டுக் காட்டுகிற செயலி ஃபோனில் இருக்கிறது. எதிரே மலை இருக்கிறது, கடல் இருக்கிறது, ஏரி இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலே ஆகாயம் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். லைட்.

இவரை எப்படி அடையாளம் காண்பது? கல்யாணச் சத்யை விருந்தில் அடைப்பிரதமன் பாயசம் வரப்போகிறது என்று எல்லோரும் இலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒருவர் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். திடீரென்று இரண்டு கைகளின் விரல்களையும் சேர்த்து ஒரு சதுரம் பண்ணி, அதன் வழியே வெளியே நிற்கும் தென்னையை நோக்கி, உதட்டைப் பிதுக்கி, "ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருக்கணும்" என்பார். அவர்தான். இதே ஆளை ஒரு மணி நேரம் முன்னாடி அழைத்து வந்தால் என்ன சொல்வார் தெரியுமா? "இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்பார். இவர் அகராதியில் உலகம் எப்போதும் கொஞ்சம் முந்தி இருக்கும், அல்லது கொஞ்சம் பிந்தி இருக்கும். சரியாக இருந்ததாகச் சரித்திரம் கிடையாது.

பத்மநாப சுவாமி கோயிலுக்குத் தெற்கே எங்கள் ஸ்ரீவராகம் தெருவில் இந்த இனத்தின் அருமையான உருப்படி ஒன்று என் அடுத்த வீட்டிலேயே வசிக்கிறது. பெயர் ஹரிநாராயணன். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் சூப்பரிண்டென்ட். ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் பஸ் பிடித்துப் போய், அடுத்தவர்களுடைய எதிர்காலத்துக்கு உத்தரவாதம் கொடுத்துவிட்டு வருகிறவர். தங்கமான மனுஷன். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் வந்து நிற்பார். ஆனால் கையில் கேமராவை எடுத்தால் முடிந்தது கதை.

ஒரு தடவை வெள்ளாயணிக் காயலில் சூரியோதயம் பார்க்கலாம் என்று என்னையும் என் மனைவியையும் அழைத்துப் போனார். இருட்டோடு கிளம்பினோம். காப்பி கிடையாது, ஏனென்றால் காப்பி போடுகிற நேரத்தில் லைட் போய்விடும். கரையில் நின்றோம். கொசுக்களுக்கு மட்டும் காலைப் பலகாரம் ஆயிற்று. சூரியன் வந்தது. அடடா, அப்படி ஒரு சூரியன்! தண்ணீர் முழுவதும் தாம்பாளத்தில் குங்குமத்தைக் கரைத்த மாதிரி. என் மனைவி கையைக்கூடக் கூப்பிவிட்டாள். நான் திரும்பிப் பார்த்தால் ஹரி முக்காலியை மடக்கிக்கொண்டிருக்கிறார்.

"என்ன ஹரி, எடுக்கலையா?"

"மேகமே இல்லையே ஓய். வெறும் சூரியனை வெச்சிண்டு என்ன பண்றது?"

அடுத்த வாரம் போனோம். மேகம் இருந்தது. "மேகம் ஜாஸ்தி" என்றார். மூன்றாம் வாரம் என் மனைவி, இவருக்கு முதுகு வலி என்று அவரிடம் சொல்லி அனுப்பிவிட்டாள்.

இவருடைய வேதத்துக்கு ஒரே சூத்திரம்தான். சூரியன் எழுந்த கொஞ்ச நேரமும் விழுவதற்கு முந்திய கொஞ்ச நேரமும் கோல்டன் ஹவர். அப்போதுதான் வெயில் சாய்வாக விழும், நிழல் நீளும், கல்லும் மரமும் உருண்டு திரண்டு தெரியும். அது தவிர்த்த மற்ற நேரமெல்லாம் வெறும் நேரம். அதிலும் உச்சிவெயில் என்று சொன்னாலே முகம் சுளிப்பார். "உச்சில படம் எடுக்கறவாளைப் பிடிச்சு உள்ளே போடணும் ஓய். நிழலே இருக்காது, எல்லாம் தோசை மாதிரி தட்டையா இருக்கும்" என்பார். பாவம், தோசை என்ன செய்தது?

ஆனால் ஆண்டவன் இவருக்கு என்றே ஒரு சிக்கலை வைத்தான். ஹரி சந்தியாவந்தனம் தவறாதவர். இரவும் பகலும் சந்திக்கிற வேளையில் செய்வது சந்தியாவந்தனம். அதே வேளையில்தான் கோல்டன் ஹவரும் வந்து தொலைக்கிறது. ஆகவே காலையில் மொட்டைமாடியில் கிழக்கே பார்த்து நின்று அர்க்கியம் விடுவார், விட்ட தண்ணீர் தரையில் விழுவதற்குள் ஆகாயத்தை ஒரு நோட்டம் பார்ப்பார். ஜபத்தில் கண்ணை மூடியிருக்க வேண்டும் என்பார்கள். இவருக்கு ஒரு கண் மூடியிருக்கும், இன்னொரு கண் மேகத்தில் இருக்கும். அவர் மனைவி பத்மஜா, "காயத்ரிக்கும் கிளிக்குக்கும் நடுவுல மாட்டிண்டு முழிக்கறார் மனுஷன்" என்று எங்கள் வீட்டுச் சுவருக்கு மேலாகச் சொல்லிவிட்டுப் போவாள்.

சரி, இதெல்லாம் விளையாட்டு. போன மேட மாதத்தில், அதாவது உங்கள் சித்திரையில், விளையாட்டு வினையாயிற்று.

ஹரியின் மொட்டைமாடியில் ஏறி வடக்கே பார்த்தால், ஓட்டுக் கூரைகளுக்கும் தென்னந்தலைகளுக்கும் மேலே, பத்மநாப சுவாமி கோயில் கோபுரம் அடியிலிருந்து கலசம் வரை முழுசாகத் தெரியும். அவருடைய ஒரே பெண் மீரா அந்த மாடியில் பாயை விரித்துத்தான் பத்தாவதிலிருந்து எஞ்சினீயரிங் வரை படித்தாள். இப்போது நெதர்லாந்தில் வேலை. வடக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார், இடித்துவிட்டு மூன்று மாடி கட்டப் போகிறார்கள் என்ற செய்தியை அவளிடம் சொன்னார்கள். உடனே கேட்டாளாம்:

"அப்பா, மறையறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போட்டோ எடுத்துத் தருவேளா? ஒண்ணு மதி, அது போதும். பெரிசா பிரிண்ட் போட்டு ரூம்ல மாட்டணும். இங்கே ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டு ஜன்னலாக்கும்."

பெண் அப்பாவிடம் வாய் திறந்து கேட்ட முதல் படம். ஹரிக்கு நெஞ்சு விம்மிவிட்டது. "உனக்கு நான் தரப்போறது வெறும் போட்டோவா இருக்காதுடீ!" என்றார்.

"வெறும் போட்டோவே மதி அப்பா."

கேட்டால்தானே?

மேடத்தில் ஆகாயம் புழுதி. இடவத்தில் மழை, கேட்கவே வேண்டாம். கர்க்கடகத்தில் வானம் அழுக்கு வேட்டி மாதிரி ஒரே நிறம். சிங்கத்தில், அதாவது ஆவணியில், ஓணத்தையொட்டி நாலு நாள் பளிச்சென்று வெளுத்தது, நானே மாடிக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். "நீலம் ஓவரா இருக்கு ஓய், காலண்டர் மாதிரி இருக்கும்" என்று இறங்கிவிட்டார். ஐப்பசித் துலாத்தில் சாயங்காலமானால் இடி. ஓய்வாக இருக்கிற ஞாயிற்றுக்கிழமை மாலையாவது எடுக்கலாம் என்றால், ஞாயிறு ராகு காலம் நாலரை முதல் ஆறு வரை, அதாவது லைட் கனிகிற நேரத்தை அப்படியே முழுங்குகிறது. பெண்ணுக்காக எடுக்கிற படத்தை ராகு காலத்தில் ஆரம்பிப்பாரா?

பத்மஜாதான் வழி சொன்னாள். "நாலேகாலுக்கு ஒரு தடவை அமுக்கிடுங்கோ. ஆரம்பிச்சதாயிடும். அப்புறம் தொடர்ந்தா தோஷமில்லை."

"நாலேகால் லைட்லயா? என்ன விளையாடறயா?"

சில நாள் மனம் பொறுக்காமல் அமுக்கியும் இருக்கிறார், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் சாப்பாடு ஆனதும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பார். "சே, தட்டை" என்பார். அழித்துவிடுவார்.

"ஒண்ணை வெச்சிண்டு மத்ததை அழிச்சாத்தான் என்ன?" என்று பத்மஜா கேட்டாள்.

"மட்டமான படம் கையில இருந்தா மனசு சமாதானமாயிடும் பத்மா. அப்புறம் நல்லது வராது."

இப்படி ஒரு தத்துவத்தோடு ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்க, பக்கத்து மனையில் தத்துவம் ஏதும் இல்லாமல் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. முதல் மாடித் தூண்கள் வந்தன. "கீழே கொஞ்சம் கிராப் பண்ணி வெட்டிடலாம்" என்றார். இரண்டாம் மாடி வந்தது. முக்காலியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறினார். கீழே பத்மஜா ஏணியைப் பிடித்துக்கொண்டு, "படம் வேண்டாம், நீங்க இருந்தா மதி" என்று கத்த, தெருவே வேடிக்கை பார்த்தது. மேலே நின்று ஆகாயத்தை நாலு பக்கமும் பார்த்தார். "லைட் சரியில்லை" என்று இறங்கினார்.

மூன்றாம் தளத்துக்குப் பலகை அடிக்கிறார்கள் என்றதும் ஆளுக்கு வேர்த்துவிட்டது. என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கிற மேஸ்திரி வன்னியராஜிடம் போனார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், மரியாதையான ஆள்.

"ஒரே ஒரு வாரம் தளம் போடறதைத் தள்ளி வைக்கணும், ப்ளீஸ். இந்த வாரம் மழை பெய்ஞ்சு ஆகாயத்தைக் கழுவி விட்டுடும். அப்புறம் லைட் பிரமாதமா இருக்கும்."

வன்னியராஜ் தலையிலிருந்து துண்டை எடுத்துவிட்டு ஆகாயத்தைப் பார்த்தார், ஹரியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். சாருக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று என்னைக் கேட்கிற பார்வை.

"சார், பலக அடிச்சாச்சி, கம்பி கெட்டியாச்சி. வெயிலு அழகா இல்லன்னு தளத்த நிப்பாட்டுனேம்னு மொதலாளிட்ட போய்ச் சொன்னா, என்னய அடுத்த பஸ்ஸுல ஊருக்கு ஏத்தி விட்டுருவாரு சார். இப்பம் பலகைக்கு மேல நல்லாத்தானே தெரியுது கோபுரம்? ஒண்ணு எடுத்துக்கிடுங்களேன்."

"இப்பவா? மணி பதினொண்ணு!" என்று ஹரி அதிர்ச்சியடைந்தார்.

வன்னியராஜ் மறுபடி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மழை பெய்தது. அந்த விஷயத்தில் ஹரி சொன்னது அட்சரம் பிசகவில்லை. மார்கழியான தனு மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை, ராத்திரி முழுக்கக் கொட்டித் தீர்த்த மழை விட்டு, ஆகாயம் துலக்கி வைத்த வெண்கலப் பானையாட்டம் இருந்தது. கிழக்கே நாலைந்து மேகம், அளவாக. வெயில் சாய்வாக வந்து ஓட்டுக் கூரைகளின் மேல் படுத்தது. நான் இவரை எத்தனையோ கேலி செய்திருக்கிறேன். ஆனால் அன்றைக்குக் காலை வெளிச்சத்தைப் பார்த்தபோதுதான், இத்தனை மாதம் இந்த மனுஷன் எதற்காகத் தவம் கிடந்தார் என்று புரிந்தது. எங்கள் மாடியிலிருந்து, "ஹரி, இதுதானே! இதுதானே!" என்று கூவினேன்.

 முக்காலி நேராக நின்றது. கேமரா வடக்கே பார்த்தது. அதற்கு எதிரே, போட்டு முடிந்த மூன்றாம் தளமும், அதற்குமேல் ஆளுயரத்துக்கு எழுந்த தூண் பலகைகளும் கம்பிகளும், அந்தக் கம்பிகளில் வேலைக்காரர்கள் உலர்த்தியிருந்த இரண்டு கட்டம் போட்ட கைலிகளும் இருந்தன. அப்படியொரு வெளிச்சம் அந்தக் கைலிகளின் மேல் விழுந்து, அவை தங்க ஜரிகை மாதிரி ஜொலித்தன. கோபுரத்தின் ஒரு கலசம்கூடத் தெரியவில்லை.

நான் சுவரைத் தாண்டிப் போனேன். ஹரி கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"குழந்தை ஒண்ணே ஒண்ணு கேட்டா ஓய். அவகிட்ட இப்போ நான் என்னன்னு சொல்வேன்?"

 அன்றைக்கு அவர் காலை ஆகாரம் சாப்பிடவில்லை. பத்மஜா, சொல்வதற்கு எத்தனையோ இருந்தும், ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதுதான் அவரை இன்னும் கொன்றது. மத்தியானம் ஆனதும் எழுந்தார். "நானே கூப்பிட்டுச் சொல்லிடறேன். நீரும் கூட இரும்" என்றார்.

ஹரி வீட்டுச் சுவர்கள் முழம் முழமாகத் தடித்தவை. உள்ளே ஃபோனுக்குச் சிக்னல் கிடைக்காது. மூவரும் மறுபடி மாடிக்கு ஏறினோம். மீராவின் முகம் திரையில் வந்தது. அங்கே காலை, தலைகூட வாரவில்லை.

"என்னப்பா, எதுக்கு இந்த மூஞ்சி?"

"மீரா, அந்தப் படம்... கோபுரம் மறைஞ்சுடுத்துடி. எல்லாம் பார்த்துப் பார்த்து வெச்சிருந்தேன். என்னால எடுக்க முடியலை. என்னை மன்னிச்சுடு."

அவர் குரல் உடைந்துவிட்டது. மீரா ஒரு நிமிஷம் திகைத்துப் போனாள். அப்புறம் சிரித்தாள்.

"அய்யோ அப்பா! எனக்கு அது சிங்கத்துலயே கிடைச்சாச்சே! நான் அம்மாகிட்டே சொல்லலையா? நில்லுங்கோ, காட்டறேன்."

ஃபோனைத் திருப்பினாள். கட்டிலுக்கு எதிர்ச்சுவரில், மரச்சட்டம் போட்டு, ஓர் ஆள் கையை விரித்த அகலத்துக்கு ஒரு படம்.

விஷயம் இதுதான். மீரா தினமும் ரயிலில் ஆபீஸ் போகிறபோது அம்மாவைக் கூப்பிடுவாள். அவளுக்குக் காலை எட்டரை, இங்கே உச்சி. பத்மஜா சிக்னலுக்காக மாடிக்கு ஏறி வெயிலில் நின்று பேசுவாள். ஒருநாள் பேச்சுவாக்கில், கட்டிடம் எவ்வளவு வந்திருக்கிறது என்று காட்ட ஃபோனைக் கொஞ்சம் தூக்கியிருக்கிறாள். மீரா அந்த நொடியை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் அடித்துவிட்டாள். அவ்வளவுதான்.

படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமே. ஆகாயம் வெளுத்துப் போய்ச் சுண்ணாம்பாக இருந்தது. நிழல் என்று மருந்துக்கும் இல்லை. பெரிதாக்கியதில் எல்லாம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. வலது பக்கத்துக் கால் பாகத்தைப் பத்மஜாவின் பாதி முகம் அடைத்திருந்தது, வெயிலுக்குத் தலையில் ஈரத்துண்டு, ஏதோ சொல்லிக்கொண்டிருந்ததில் வாய் திறந்திருந்தது. அவள் தோளுக்குப் பின்னால் கோபுரம், அடியிலிருந்து கலசம் வரை.

"அடி பாவி!" என்று பத்மஜா அலறினாள். "வாயைப் பொளந்துண்டு நிக்கறேனே! வர்றவா போறவா எல்லாரும் இதைப் பார்க்கறாளா? கழட்டுடீ முதல்ல!"

"போம்மா. காலம்பர எழுந்த உடனே இதைப் பார்த்துட்டுத்தான் எனக்குக் காப்பி. நீ இப்பத்தான் ஏதோ சொல்ல வந்தாப்போலே இருக்கு. கொள்ளாம் அல்லே அப்பா, நன்னா இல்லையா?"

ஹரி ஃபோனை வாங்கி முகத்துக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். தட்டை, தோசை, உள்ளே பிடித்துப் போடணும், எல்லாம் இப்போது வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். கண்ணையும் துடைத்தார்.

"கோபுரம் முழுசா இருக்குடி" என்றார். "நன்னா இருக்கு."

 பெரிய மாறுதல் ஒன்றுக்கு நான் சாட்சியாக நிற்கிறேன் என்று நினைத்தேன். ஆனால் இனத்தின் குணம் அப்படிச் சுலபமாகப் போகுமா? ஃபோனைத் திருப்பிக் கொடுக்கும்போது மனைவி பக்கம் சாய்ந்து, ரகசியமாக, மிகுந்த வருத்தத்தோடு சொன்னார்:

"பத்மா, நீ மட்டும் ரெண்டடி தள்ளி நின்னிருந்தா..."

பத்மஜா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் தள்ளி நின்னிருந்தா அவ அதை மாட்டியே இருக்க மாட்டா."

சொல்லிவிட்டு, சாதம் ஆறுகிறது என்று கீழே இறங்கிப் போய்விட்டாள். நாங்கள் இரண்டு ஆண்பிள்ளைகளும் உச்சிவெயிலில் கொஞ்ச நேரம் நின்றோம்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள், ஹரி கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் உங்களிடம் கேமரா இல்லை, ஆகவே நீங்கள் இந்த இனத்தில் சேர்த்தி இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இதற்குக் கேமரா கட்டாயமில்லை. நல்ல விசேஷம் வரட்டும் என்று அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறதே ஒரு பட்டுப்புடவை, அதற்கு எந்த லைட் வரவேண்டும்? சாவகாசமாக உட்கார்ந்து பேசவேண்டும் என்று அக்காவைக் கூப்பிடாமல் எத்தனை ஞாயிற்றுக்கிழமை போயிற்று? பெண்டாட்டியிடம் சொல்லவேண்டிய நல்ல வார்த்தை ஒன்றை அறுபதாம் கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்திருக்கிறீர்களே, அதற்கு அவள் இப்போது சும்மா சமையலறையில் இருந்தால் போதாதா? போதாது, இன்னும் கொஞ்சம் நேரம் கனியட்டும் என்கிறீர்களா? தாராளமாகக் காத்திருங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. வாசலில் யாராவது செங்கல் இறக்குகிறார்களா என்று மட்டும் அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.